சப்டொமைனை டெலிகேட் செய்த பிறகு அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். உங்கள் அறக்கட்டளையின் தலைமை அலுவலகம் புதுச்சேரியில். டொமைன் அவர்கள் பெயரில் இருக்கிறது. கடலூரில் உள்ள உங்கள் கல்லூரிக்கு ‘கடலூர்’ என்ற சப்டொமைனை (அந்த டொமைனுக்குக் கீழே வரும் பெயர்) டெலிகேட் செய்து, அதாவது அதன் நிர்வாகத்தை ஒப்படைத்து, கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் நீங்களும் சொந்தமாக இரண்டு நேம்சர்வர் (பெயர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர்) வைத்து ரெகார்டுகளை, அதாவது பெயர்களுக்கான தகவல் வரிகளை, மாற்றுகிறீர்கள். ஆனால் மாற்றியது சிலருக்குத் தெரிகிறது, சிலருக்குப் பழைய முகவரியே வருகிறது. மூன்று நாள் ஆகியும் சரியாகவில்லை. தலைமை அலுவலகத்தில் கேட்டால் ‘எங்களுக்கு நன்றாகத்தானே வருகிறது’ என்கிறார்கள். அதிகாரம் யாரிடம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர்களைக் கேட்க வேண்டுமா என்கிறீர்கள்.

டெலிகேஷன் ஒழுங்காக நடந்திருந்தால், ‘கடலூர்’ என்ற பெயரும் அதற்குக் கீழே வரும் எல்லாப் பெயர்களும் முழுக்க உங்கள் பொறுப்பு. யாரையும் கேட்க வேண்டாம். தலைமை அலுவலகத்திடம் மிஞ்சுவது சில வரிகள் மட்டுமே: ‘இந்தப் பகுதியைப் பற்றி அந்த நேம்சர்வர்களிடம் கேளுங்கள்’ என்று வழிகாட்டும் வரிகள். ஆனால் அந்த வரிகள் அவர்களுடையவை. தவறாக இருந்தால் உங்களால் திருத்த முடியாது. உங்கள் பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏன் என்று விளக்குகிறேன்.

டொமைனும் ஜோனும் ஒன்றென்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கத்து வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து வடக்கே பஸ்ஸில் போனால் முள்ளோடையில் எல்லை தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைகிறோம். அங்கிருந்து விழுப்புரம் பக்கம் திரும்பினால் தமிழ்நாடு, புதுச்சேரி, மறுபடி தமிழ்நாடு என்று எல்லை மாறிக்கொண்டே இருக்கும். நிலம் ஒரே நிலம்தான், ஆனால் நடுநடுவே சில துண்டுகளுக்கு நிர்வாகம் வேறு. டொமைன் என்பது அந்தப் பெயருக்குக் கீழே வரும் முழு நிலம். ஜோன் என்பது ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் பகுதி, அதாவது முழு நிலத்திலிருந்து வேறு நிர்வாகத்துக்குக் கொடுத்த துண்டுகளைக் கழித்துவிட்டு மீதி இருப்பது. உங்கள் அறக்கட்டளையின் டொமைனை உதாரணம்.இந்தியா என்று வைத்துக்கொள்வோம். கடலூர்.உதாரணம்.இந்தியா அந்த டொமைனுக்குள்தான் இருக்கிறது. டெலிகேட் செய்த பிறகு அந்த ஜோனுக்குள் இல்லை.

(உதாரணம் என்ற பெயரைச் சும்மா எடுக்கவில்லை. 2007-ல் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 11 மொழிகளில் பெயர்ச் சோதனை நடத்தியபோது தமிழுக்கு உதாரணம்.பரிட்சை என்ற பெயர் இருந்தது; அதில் .பரிட்சை என்பது எல்லாப் பெயர்களுக்கும் உச்சியில் இருக்கும் வேர் ஜோனிலேயே டெலிகேட் ஆகியிருந்தது. தமிழ் எழுத்தில் ஒரு டெலிகேஷன் அன்றே வேலை செய்தது. அந்தச் சோதனைப் பெயர்களை 2013-ல் எடுத்துவிட்டார்கள். இப்போது நிக்ஸி நிறுவனம் நிர்வகிக்கும் .இந்தியா இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: ஜோன் கோப்பில் (ஜோனின் ரெகார்டுகளை எழுதிவைக்கும் கோப்பு) தமிழ்ப் பெயர் அப்படியே போகாது, பியூனிகோடு என்ற ஆங்கில எழுத்து வடிவத்துக்கு மாற்றித்தான் எழுத வேண்டும். கீழே படிக்க வசதியாகத் தமிழிலேயே எழுதுகிறேன்.)

பெயரில் புள்ளி இருப்பதால் மட்டும் அங்கே எல்லை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைமை அலுவலகம் தன் ஜோன் கோப்பிலேயே ‘தேர்வு.கடலூர்’ என்று ஒரு ஏ ரெகார்டு (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் வரி) போட்டாலும் பெயர் வேலை செய்யும். புள்ளிகள் எத்தனை இருந்தாலும் எல்லாம் ஒரே ஜோன்தான், டெலிகேஷன் எதுவும் நடக்கவில்லை. அரசு அமைப்புகளுக்கான கவ்.இன் கீழ் வரும் பெயர்களை என்ஐசி நிறுவனமும் கல்வி அமைப்புகளுக்கான ஏசி.இன் கீழ் வரும் பெயர்களை எர்நெட் இந்தியா நிறுவனமும் பதிவு செய்து தருகின்றன. புதுச்சேரி அரசின் பிஒய்.கவ்.இன் போன்ற பெயரை வெறுமனே பார்த்து எந்தப் புள்ளியில் நிர்வாகம் கைமாறுகிறது என்று சொல்ல முடியாது. கண்டுபிடிக்க எளிய வழி எஸ்ஓஏ ரெகார்டை (ஒவ்வொரு ஜோனின் தொடக்கத்திலும் இருக்கும் வரி) கேட்பது. டிஎன்எஸ் தரும் விடையில் பதில் பகுதி, அதிகாரப் பகுதி என்று பிரிவுகள் உண்டு. நீங்கள் கேட்ட பெயருக்கே எஸ்ஓஏ பதில் பகுதியில் வந்தால் அந்தப் பெயரில் ஒரு ஜோன் தொடங்குகிறது. பதில் பகுதி காலியாக இருந்து, அதிகாரப் பகுதியில் மேலே உள்ள பெயரின் எஸ்ஓஏ வந்தால் எல்லை இன்னும் அங்கே வரவில்லை. ‘டெலிகேட் பண்ணிட்டோம்’ என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பாதி இடங்களில் நடந்திருப்பது டெலிகேஷனே இல்லை. ஒரு ஏ ரெகார்டைப் போட்டுவிட்டு அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

இந்த ஏற்பாடு ஏன் இப்படி அமைந்தது என்றால், அதற்கு முன்பு இருந்தது தாங்கவில்லை. 1980-களின் தொடக்கம்வரை இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தின் தகவல் மையம் அதைப் பராமரித்தது. யாராவது புதுக் கணினி வைத்தால் அங்கே தெரிவிக்க வேண்டும், மற்றவர்கள் அந்தக் கோப்பை மறுபடி மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும். 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் செய்த பெரிய வேலை, பெயர்ப் பட்டியலைக் கணினியில் தேடுவதை வேகப்படுத்தியது மட்டுமல்ல; பட்டியலை எழுதும் உரிமையையே பிரித்துக் கொடுத்தது. 1987-ல் வந்த ஆர்எஃப்சி 1034, 1035 என்ற இணையத் தர ஆவணங்கள் இரண்டும் இன்றைக்கும் அடிப்படை. உலகம் முழுதும் கோடிக்கணக்கான பெயர்களை ஆயிரக்கணக்கான நிர்வாகிகள் ஒருவரை ஒருவர் கேட்காமல் மாற்றிக்கொண்டிருப்பது இந்தப் பிரிப்பால்தான் முடிகிறது. கடலூர் கல்லூரிக்குத் தனி அதிகாரம் கேட்பதில் தவறே இல்லை. டிஎன்எஸ் பிறந்ததே அதற்காக.

சரி, ஒரு தேடல் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு மாணவர் நெல்லிக்குப்பத்தில் உட்கார்ந்து போனில் தேர்வு.கடலூர்.உதாரணம்.இந்தியா என்று அடிக்கிறார். அவருடைய நெட் நிறுவனத்தின் ரிசால்வரிடம் (பயனருக்காகப் பெயரைத் தேடிக் கொடுக்கும் சர்வர்) எதுவும் கேஷில், அதாவது பழைய பதில்களின் தற்காலிகச் சேமிப்பில், இல்லை என்று வைத்துக்கொள்வோம். ரிசால்வர் வேர் சர்வரிடம் போகும். ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இருப்பவை அவை; ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் உலகம் முழுதும் பல இயந்திரங்கள் உண்டு. வேர் சர்வருக்குப் பதில் தெரியாது, ‘.இந்தியா சர்வர்கள் இவை’ என்று அனுப்பிவைக்கும். .இந்தியா சர்வர் ‘உதாரணம் சர்வர்கள் இவை’ என்று சொல்லும். உதாரணத்தின் சர்வர், அதாவது உங்கள் தலைமை அலுவலகத்துடையது, ‘கடலூர் சர்வர்கள் இவை’ என்று சொல்லும். கடைசியில் உங்கள் சர்வர்தான் ஐபி முகவரியைத் தருகிறது. நடுவில் வரும் இந்தப் பதில்களுக்கு ரெஃபரல் என்று பெயர்.

தலைமை அலுவலக சர்வர் தர வேண்டிய ரெஃபரல் இப்படி இருக்கும்:

கடலூர்.உதாரணம்.இந்தியா. 86400 ஐஎன் என்எஸ் பெயர்1.கடலூர்.உதாரணம்.இந்தியா.
கடலூர்.உதாரணம்.இந்தியா. 86400 ஐஎன் என்எஸ் பெயர்2.கடலூர்.உதாரணம்.இந்தியா.
பெயர்1.கடலூர்.உதாரணம்.இந்தியா. 86400 ஐஎன் ஏ 192.0.2.10
பெயர்2.கடலூர்.உதாரணம்.இந்தியா. 86400 ஐஎன் ஏ 198.51.100.20

இந்த நான்கு வரிகளை நிதானமாகப் பாருங்கள். முதல் இரண்டும் வழிகாட்டி: என்எஸ் என்றால் நேம்சர்வர். 86400 என்பது டிடிஎல், அதாவது பதிலை ரிசால்வர் எத்தனை நொடி கேஷில் வைத்திருக்கலாம் என்ற காலம்; ஐஎன் என்றால் இணையம். அடுத்த இரண்டுக்கும் குளூ என்று பெயர். கடலூர் ஜோனின் நேம்சர்வர் பெயர்கள் கடலூர் ஜோனுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றின் முகவரி தெரிய அந்த ஜோனைக் கேட்க வேண்டும், அந்த ஜோனைக் கேட்க அவற்றின் முகவரி தெரிய வேண்டும். இந்தச் சுழலை உடைக்கத்தான் மேல் ஜோனே முகவரியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. உங்கள் நேம்சர்வரின் ஐபியை மாற்றினால் உங்கள் கோப்பில் மாற்றுவது போதாது, தலைமை அலுவலகத்தின் குளூவையும் மாற்றச் சொல்ல வேண்டும். பலர் மறப்பது இதை. நேம்சர்வர் பெயர் வேறு ஏதாவது டொமைனில் இருந்தால், உதாரணமாக ஒரு டிஎன்எஸ் சேவை நிறுவனத்தின் பெயராக இருந்தால், குளூ தேவையில்லை, இந்தத் தலைவலியும் இல்லை. சின்ன அமைப்புகளுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் இருக்கும் புள்ளியையும் பாருங்கள். ஜோன் கோப்பில் அந்தப் புள்ளியை விட்டுவிட்டால் சர்வர் பெயருக்குப் பின்னால் ஜோனின் பெயரை மறுபடி ஒட்டிவிடும். பெயர்1.கடலூர்.உதாரணம்.இந்தியா.உதாரணம்.இந்தியா என்று இல்லாத ஒரு சர்வருக்கு உலகத்தை அனுப்பும். சர்வர் அதைக் கவனிக்கும்படி சொல்லாமலே போகலாம்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். அந்த என்எஸ் வரிகள் இரண்டு இடத்தில் இருக்கின்றன. மேல் ஜோனில் ஒரு பிரதி, உங்கள் ஜோனின் தலைப்பில் ஒரு பிரதி. மேல் ஜோன் அதைச் சொல்லும்போது அதிகாரத்தோடு சொல்வதில்லை. பதிலின் தலைப்பில், அதிகாரபூர்வமான பதில் என்று குறிக்கும் ஏஏ என்ற கொடி இருக்காது. அதிகாரபூர்வமான என்எஸ் பட்டியல் உங்கள் ஜோனில் இருப்பதுதான். இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் ஒத்திருக்கிறதா என்று யாரும் தானாகச் சரிபார்ப்பதில்லை. எந்தத் தகவலுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1997-ல் ஆர்எஃப்சி 2181 வரிசைப்படுத்தியது. அதன்படி கீழ் ஜோன் அதிகாரத்தோடு சொல்வது மேல் ஜோனின் ரெஃபரலைவிட உயர்ந்தது. நடைமுறையில் சில ரிசால்வர்கள் உங்கள் பட்டியலைப் பார்த்ததும் அதற்கு மாறிக்கொள்கின்றன, சில மேல் ஜோன் சொன்னதையே பிடித்துக்கொண்டு போகின்றன. ஆகவே இரண்டு பட்டியலும் வேறுபட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரியும். உங்கள் நிலைமையும் அதுதானே?

என் ஊகம் இது. தலைமை அலுவலகத்தின் ஜோனில் உங்கள் இரண்டு நேம்சர்வரோடு சேர்த்துப் பழைய ஹோஸ்டிங் சர்வரின் பெயரும் மூன்றாவது வரியாக விட்டுப்போயிருக்கும். அந்தப் பழைய சர்வரில் கடலூர் ஜோனின் பழைய பிரதி இன்னும் உயிரோடு இருக்கும். ரிசால்வர் மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அதைப் பொறுத்துப் புதுப் பதிலோ பழைய பதிலோ வரும். இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்தச் சர்வரில் ஜோனே இல்லாமல் இருந்தால் அது மறுத்துவிடும், ரிசால்வர் அடுத்ததைக் கேட்டுக்கொள்ளும்; தளம் கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், அவ்வளவுதான். பழைய பிரதி இருந்தால் அது ஏஏ கொடியோடு, முழு நம்பிக்கையோடு, தவறான பதிலைக் கொடுக்கும். ரிசால்வருக்குச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை. மூன்று நாள் என்று நீங்கள் சொன்னதால்தான் கேஷைக் குறை சொல்லாமல் இந்தப் பக்கம் வருகிறேன். டிடிஎல் 86400 நொடி என்றால் ஒரு நாள். டிஎன்எஸ்ஸில் மாற்றம் ரிசால்வர்களுக்கு யாரும் அனுப்பிப் பரவுவதில்லை, பழைய பதிலின் காலம் முடிந்து ரிசால்வர் மறுபடி கேட்கும்போதுதான் புதியது கிடைக்கிறது. மூன்று நாளுக்குப் பிறகும் பழையது வருகிறது என்றால் யாரோ அதைப் புதிதாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. உங்கள் இரண்டாவது நேம்சர்வர் முதலாவதிலிருந்து நகலெடுக்கவில்லை. எஸ்ஓஏ வரியில் ஒரு வரிசை எண் இருக்கும். பலர் தேதியையே அப்படி எழுதுவார்கள், 2025010701 என்பதுபோல. இரண்டாவது சர்வர் அந்த எண் கூடியிருந்தால்தான் புதுப் பிரதியை எடுக்கும். ரெகார்டை மாற்றிவிட்டு எண்ணைக் கூட்ட மறந்தால் முதல் சர்வர் புதியதையும் இரண்டாவது சர்வர் பழையதையும் சொல்லிக்கொண்டே இருக்கும். இது நடந்திருந்தால் தலைமை அலுவலகத்தின்மேல் எந்தக் குறையும் இல்லை, வேலை உங்கள் பக்கம்தான். அதனால் அவர்களுக்குப் போன் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

‘எங்களுக்கு நன்றாக வருகிறது’ என்று புதுச்சேரியில் சொல்வதற்கும் விளக்கம் இருக்கிறது. அவர்கள் அலுவலகக் கணினிகள் எந்த சர்வரிடம் பெயர் கேட்கின்றன? தங்கள் சொந்த டிஎன்எஸ் சர்வரிடம் என்றால், அதில் கடலூர் ஜோனின் பிரதி இருக்கும்வரை அது வெளியே போய்க் கேட்கவே கேட்காது. கையில் இருப்பதையே சொல்லும். பழைய முகவரியில் பழைய தளம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எல்லாம் நன்றாகவே தெரியும்.

இதோடு நெருங்கிய ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், பல இடங்களில் பார்த்தது. மேல் ஜோனும் கீழ் ஜோனும் ஒரே சர்வரில் இருக்கும்போது, மேல் ஜோனில் என்எஸ் வரியே போடாவிட்டாலும் எல்லாம் வேலை செய்யும். ஏனென்றால் சர்வர் தன்னிடம் உள்ள ஜோன்களில் கேட்ட பெயருக்கு மிக நெருக்கமானதிலிருந்து பதில் சொல்லிவிடும். வருடக்கணக்கில் ஓடும். கீழ் ஜோனை வேறு சர்வருக்கு மாற்றிய அன்று உடையும், அல்லது மேல் ஜோனுக்கு டிஎன்எஸ்செக் (பதில் போலி இல்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்ப முறை) கையொப்பம் போட்ட அன்று உடையும். ‘ஒன்றுமே மாற்றவில்லை, திடீரென்று போய்விட்டது’ என்று புலம்புவார்கள். டெலிகேஷன் அங்கே முதலிலிருந்தே இல்லை.

கண்டுபிடிக்கும் முறை எளிது. டிஎன்எஸ் சர்வர்களிடம் நேரடியாகக் கேட்க உதவும் டிக் கட்டளை லினக்ஸில் எளிதாகக் கிடைக்கும், விண்டோஸிலும் நிறுவிக்கொள்ளலாம். அட் குறி போட்டு .இந்தியா சொல்லும் உதாரணத்தின் நேம்சர்வர் பெயரைக் கொடுத்து, பிளஸ்நோரெக்கர்ஸ் (வேறெங்கும் கேட்காமல் தன்னிடம் இருப்பதையே சொல்லச் செய்யும் விருப்பம்) சேர்த்து, கடலூர் ஜோனின் என்எஸ்ஸைக் கேளுங்கள். நிலை நோஎரர், பதில் பகுதி பூஜ்யம், அதிகாரப் பகுதியில் உங்கள் நேம்சர்வர்கள், ஏஏ கொடி இல்லை என்று வந்தால் ஒழுங்கான ரெஃபரல். பதில் பகுதியில் ஏஏ கொடியோடு வந்தால் அந்தச் சர்வரில் கடலூர் ஜோனின் பிரதி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேல் ஜோனுக்கு எத்தனை நேம்சர்வர் உண்டோ அத்தனையிடமும் கேளுங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். அப்புறம் ரெஃபரலில் வந்த ஒவ்வொரு நேம்சர்வரிடமும் தனித்தனியாகக் கடலூர் ஜோனின் எஸ்ஓஏவைக் கேட்டு வரிசை எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாம் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். எது பிந்தியிருக்கிறதோ அதுதான் குற்றவாளி. பத்து நிமிட வேலை. அதன் பிறகு ‘உங்களுடையது, எங்களுடையது’ என்ற பேச்சுக்கே இடமில்லாமல் தாளே சொல்லிவிடும்.

அதிகாரம் என்ற உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். டெலிகேஷனில் மேலே இருப்பவருக்குக் கையில் இருப்பது மொத்தமும் அல்லது ஒன்றுமில்லை என்ற அதிகாரம். கடலூர் ஜோனுக்குள் ஒரே ஒரு ரெகார்டை மட்டும் புதுச்சேரியிலிருந்து மாற்ற முடியாது. அவர்கள் தங்கள் கோப்பில் ‘தேர்வு.கடலூர்’ என்று எழுதிவைத்தாலும் எல்லைக்குக் கீழே இருப்பதால் அந்த வரி யாருக்கும் தெரியாது. பழைய ஜோன் கோப்புகளில் இப்படிச் செத்த வரிகள் நிறையக் கிடக்கும். படிப்பவரைக் குழப்பத்தான் உதவும், நீக்கிவிடச் சொல்லுங்கள். ஆனால் என்எஸ் வரிகளை வேறு சர்வருக்குத் திருப்பினால் உங்கள் தளம், மின்னஞ்சல், எல்லாம் ஒரே அடியில் அவர்கள் கைக்குப் போய்விடும். உங்கள் அனுமதி தேவையில்லை. இதைத் தடுக்க டிஎன்எஸ்ஸில் எந்த வழியும் கிடையாது. அதற்கு மேலே .இந்தியா நிர்வாகத்துக்கும் தலைமை அலுவலகத்தின்மேல் இதே பிடி உண்டு. அதனால் இந்த ஏற்பாட்டை வாய்ப்பேச்சோடு விடாமல், யார் கேட்டால் யார் மாற்றலாம் என்று அறக்கட்டளைக்குள் ஒரு கடிதமாக வைத்துக்கொள்வது நல்லது.

டிஎன்எஸ்செக் போட நினைத்தால் மேல் ஜோனில் டிஎஸ் என்று இன்னொரு ரெகார்டும் வேண்டும். உங்கள் சாவியின் சுருக்கம் அது. என்எஸ் வரிகளுக்கு நேர்மாறாக, டிஎஸ் அதிகாரத்தோடு இருப்பது மேல் ஜோனில்தான். வேர் ஜோனுக்கு 2010 ஜூலையில் கையொப்பம் போட்ட பிறகு நம்பிக்கைச் சங்கிலி வேரிலிருந்து ஒவ்வொரு எல்லையிலும் டிஎஸ் வழியாக இறங்கி வருகிறது. நீங்கள் சாவியை மாற்றிவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு டிஎஸ் அனுப்ப மறந்தால், சரிபார்க்கும் ரிசால்வர்கள் உங்கள் ஜோன் முழுவதையும் பொய் என்று ஒதுக்கிவிடும். இரண்டு அலுவலகத்துக்கும் இடையே தொடர்பு சரியில்லாதவரை இதில் இறங்காதீர்கள்.

அதிகாரம் வாங்குபவர் ஏற்கிற பொறுப்பும் சின்னதில்லை. கடலூர் சப்டொமைன் உங்கள் கையில் இருந்தால் அதன் கீழ் எந்தப் பெயருக்கும் நீங்கள் எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கலாம். எந்த நிறுவனம் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் சிஏஏ ரெகார்டு உங்கள் ஜோனில் இல்லாவிட்டால் மேலே உள்ளது செல்லும், நீங்கள் போட்டால் உங்களுடையது செல்லும். மின்னஞ்சலில் கணக்கு வேறு: உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்ற சர்வர்களைச் சொல்லும் எஸ்பிஎஃப் மேலிருந்து இறங்காது, நீங்களே போட வேண்டும். சரிபார்ப்பில் தோற்கும் அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் இல்லாவிட்டால் தலைமை டொமைனின் கொள்கை உங்கள்மேல் விழும். தேர்வு முடிவு அனுப்பும் மின்னஞ்சல்கள் ஸ்பேமில் விழுந்தால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள். கடலூர் தளத்தில் யாராவது புகுந்துவிட்டால் உதாரணம்.இந்தியா முழுவதற்கும் குக்கீ போட முடியும் என்பதையும் தலைமை அலுவலகம் நினைவில் வைக்க வேண்டும்.

இதைவிட மோசமானது கைவிடப்பட்ட டெலிகேஷன். ஒரு துறைக்குச் சப்டொமைன் கொடுத்து, அது ஏதோ ஒரு கிளவுட் டிஎன்எஸ் சேவைக்குச் சுட்டி, திட்டம் முடிந்ததும் அங்கே ஜோனை நீக்கிவிட்டு, மேல் ஜோனில் என்எஸ் வரிகளை மட்டும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். சில சேவைகளில் யாரோ ஒரு அந்நியர் அதே பெயரில் ஜோன் உருவாக்கி அதே நேம்சர்வர்களைப் பெற்றுவிட முடியும். அதோடு அந்தப் பெயரின் முழு அதிகாரமும் அவருடையது, முறையான சான்றிதழ் உட்பட. கீழே ஜோனை மூடுவதற்கு முன் மேலே வரிகளை எடுக்க வேண்டும், அந்த வரிசை மாறக் கூடாது.

இரண்டு நேம்சர்வரும் கல்லூரி வளாகத்திலேயே இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். இதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது கடலூரில் எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்து ஊரையே வெள்ளத்தில் நிறுத்தியது. ஒன்றைக் கடலூரிலும் ஒன்றைப் புதுச்சேரியிலும் வைத்தால்கூட ஒரே புயல் இரண்டையும் அணைத்துவிடும். நேம்சர்வர்கள் இருக்கும் இடத்தாலும் நெட்வொர்க்காலும் விலகி இருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 2182 1997-லேயே சொல்லிவிட்டது. தளம் மும்பையில் ஏதோ டேட்டா சென்டரில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பெயருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததால் யாராலும் போக முடியாது. 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனபோதும் அவர்களுடைய நேம்சர்வர்கள் எல்லாம் அவர்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே இருந்தது நிலைமையை மோசமாக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி. புயல் விடுமுறையா என்று மாணவர்கள் உங்கள் தளத்தைத் திறந்து பார்க்கும் நாளில்தான் அது தேவைப்படும். ஒரு நேம்சர்வரையாவது கடலோரத்தைவிட்டு வெளியே வையுங்கள்.

உங்களுக்கு டெலிகேஷன் உண்மையிலேயே தேவையா என்றும் யோசித்துப் பாருங்கள். வருடத்துக்கு நாலு ரெகார்டு மாற்றுவீர்கள் என்றால் தலைமை அலுவலகத்தின் ஜோனிலேயே போட்டுக்கொள்வது சுலபம், பராமரிக்க வேண்டிய சர்வரும் இல்லை. அடிக்கடி மாற்றுகிறீர்கள், துறைவாரியாகப் பெயர்கள் சேர்கின்றன, சான்றிதழைத் தானியங்கியாகப் புதுப்பிக்க வேண்டும் என்றால் தனி ஜோன்தான் சரி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்குத் தனி ஜோன் வேண்டும் என்றே தோன்றுகிறது.

சோதனையில் பழைய சர்வர்தான் காரணம் என்று தெரிந்தால் தலைமை அலுவலகத்துக்கு இப்படி எழுதுங்கள்: ‘உதாரணம்.இந்தியா ஜோனில் கடலூர் என்ற பெயருக்கு இந்த இரண்டு என்எஸ் வரிகளும் இவற்றின் குளூ முகவரிகளும் மட்டும் இருக்க வேண்டும். மூன்றாவது என்எஸ் வரியையும், கடலூரின் கீழ் உள்ள மற்ற ஏ, சிநேம் வரிகளையும் நீக்குங்கள். உங்கள் ஜோனின் வரிசை எண்ணைக் கூட்டுங்கள். பழைய ஹோஸ்டிங் சர்வரிலிருந்தும் அலுவலக டிஎன்எஸ் சர்வரிலிருந்தும் கடலூர் ஜோனின் பிரதியை நீக்குங்கள்.’ கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். என்எஸ் வரியை எடுத்த பிறகும், பழைய பட்டியலைக் கேஷில் வைத்திருக்கும் ரிசால்வர்கள் டிடிஎல் முடியும்வரை அங்கே போய்க் கேட்கும். பிரதி நீங்கியிருந்தால் மறுப்பு வாங்கிக்கொண்டு உடனே உங்கள் சர்வருக்குத் திரும்பிவிடும். அவர்கள் மாற்றியதாகச் சொன்ன பிறகு அதே சோதனையை மறுபடி செய்து, முடிவுகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.